கபினி நீர்க்கரையில் குடும்பத்துடன் காட்டுயிர் காண்பது எப்படி

பெங்களூரிலிருந்து மைசூரு, எச்.டி.கோட்டை வழியாக ஏறக்குறைய 220 கி.மீ. தொலைவில் உள்ள கபினிக்குப் புறப்படும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை புலியை மட்டுமே மனத்தில் கொண்டு செல்கின்றன. புலி கண்ணில் படாவிட்டால் பிள்ளைகள் முகம் வாடித் திரும்புகின்றனர். நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளுக்கு இடையே பரந்து கிடக்கும் அந்த அணை நீர்ப்பரப்பு, தேடி அலைபவரைவிடக் காத்திருப்பவருக்கே அதிகம் காட்டுகிறது என்பதை வீட்டிலேயே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

எதைக் காண விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1974இல் அணை எழும்பியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் நீருக்குள் நிற்கின்றன. குளிர்காலத்தில் வலசை வரும் விரால் அடிப்பான் என்னும் வேட்டைப் பறவை அம்மரங்களின் உச்சியில் அமர்ந்துதான் மீனைக் குறிபார்க்கும். வயநாட்டு மழையால் நிரம்பும் நீர் மார்ச் முதல் மே வரை வடியும்போது, வெளிப்படும் கரையில் இளம்புல் துளிர்க்கிறது. காட்டுக்குள் மற்ற நீர்நிலைகள் வறண்டிருக்கும் அந்நாட்களில் யானைகள் குட்டிகளோடு கூட்டங்கூட்டமாக அங்கு வந்து சேர்கின்றன. பள்ளி விடுமுறையும் அப்போதே வருவதால், குழந்தைகளுடன் செல்வோருக்குக் கோடையே ஏற்றது என்பது என் கருத்து.

சஃபாரி நடைபெறுகிறதா என்பதை உறுதி செய்துகொண்டு முன்பதிவு செய்யுங்கள். ஜீப், படகு ஆகிய இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், முதியோர் இருக்கும் குடும்பம் தயங்காமல் படகைத் தேர்ந்தெடுக்கலாம். குலுக்கல் இல்லை, எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கரையோரம் அமைதியாகக் காத்திருக்கவும் முடியும்.

அவ்வாறு காத்திருக்கும்போது கிடைக்கும் அரிய காட்சி நீர்நாய். ஓட்டுநரிடம் நீங்கள் தமிழிலேயே கேட்கலாம். கன்னடத்திலும் அது ‘நீருநாயி’தான். கரைப் பாறையில் மீன் செதிள்கள் மின்னும் எச்சம் கிடந்தால் அவை அங்கு வந்து போகின்றன என்று பொருள். எங்கள் பயணத்தில் என் மகள்தான் முதலில் கண்டாள்: நீர் மட்டத்தில் தட்டையான நான்கு தலைகள். அவற்றுள் ஒன்று பாறையில் ஏறி, மீனை முன்னங்கால்களால் அழுத்திப் பிடித்துத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. முள் நொறுங்கும் ஓசை படகு வரை கேட்டது. உலக அளவில் அழியும் அபாயத்துக்கு உள்ளாகியிருக்கும் இவ்விலங்கை இவ்வளவு அருகில் பார்த்த பிறகு, புலியைப் பற்றி அன்று எவரும் கேட்கவில்லை.

ஜீப்பில் செல்வோர் கண்ணைவிடக் காதையே நம்ப வேண்டும். புள்ளிமான் சிறு ஐயத்துக்கும் குரல் கொடுத்துவிடும். கடமானோ வேட்டை விலங்கைக் கண்டாலொழிய எளிதில் எச்சரிப்பதில்லை. அதன் கனத்த ஒற்றைக் குரல் விட்டுவிட்டுத் தொடர்ந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. வில்லை) பைனாகுலர் ஒன்று குடும்பத்துக்குப் போதும். வெறும் கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை விலக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துவதே முறை. இதைப் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரியில் நீர்க்காகங்களையும் கூழைக்கடாக்களையும் வைத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடலாம். மங்கிய நிற உடை போதும். வாசனைத் திரவியம் வேண்டாம், யானையின் மோப்பம் மிகக் கூர்மையானது. கைப்பேசியை ஒலியடக்கி வையுங்கள். நொறுக்குத் தீனிப் பொட்டலங்களை அறையிலேயே விட்டுவிடுங்கள். நெகிழி உறை காட்டுக்குள் ஒன்றுகூடப் போகக் கூடாது. கூட்டையோ குட்டிகளையோ படமெடுத்தால், இடம் தெரியும்படி இணையத்தில் பகிராதீர்கள்.

மாலைப் படகு திரும்பத் தொடங்கியதும் பையைக் கட்டிவிடாதீர்கள். யானைகள் நீரருந்தக் கரைக்கு இறங்குவது பெரும்பாலும் அந்தக் கடைசி வெளிச்சத்தில்தான்.