ஒன்பதாம் வகுப்பில் ஒலிப்புத்தகம்: சறுக்கும் இடங்கள்

ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் இருக்கிறார்கள். தனியார் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். அங்கே வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை வைத்து 26 மாநிலங்களில் நடத்தப்பட்ட 2023 ‘ஏசர்’ என்ற கல்வி நிலை ஆய்வில், ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத் தம் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புத் தரத்துப் பத்தியைச் சரளமாக வாசிக்க வரவில்லை.

இவர்களுக்கு ஒலிப்புத்தகம் கொடுத்துப் பார்க்கலாமே என்ற யோசனை இப்போது பல ஆசிரியர்களுக்கு வருகிறது. நல்ல யோசனை. ஆனால் ஸ்பீக்கரை மேசைமேல் வைத்துக் கதையை ஓடவிட்டால் வாசிப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. ஒரு மாதம் கழித்து, “பசங்க கதையை நல்லாத்தான் கேக்கறாங்க சார், வாசிப்பு மட்டும் அப்படியே இருக்கு” என்ற பேச்சுதான் மிஞ்சும்.

முதல் சறுக்கல் ஆரம்பத்திலேயே இருக்கிறது. திணறுகிற எல்லோரையும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் போட்டு, எல்லோருக்கும் ஒரே ஒலியைக் கேட்கக் கொடுப்பது. 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு சின்னக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக்கத் தெரிவது ஒன்று, மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டல் கிடையாது, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

எந்தப் பக்கம் குறை என்று கண்டுபிடிக்கப் பெரிய தேர்வெல்லாம் வேண்டாம். பையனைத் தனியாக உட்காரவைத்து, ஒரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். அப்புறம் அதே தரத்தில் வேறொரு பத்தியை அவனையே வாசிக்கச் சொல்லி மூன்று கேள்வி. கேட்டதில் எல்லாம் சொல்கிறான், வாசித்ததில் விழிக்கிறான் என்றால் சிக்கல் எழுத்தில். ஒலிப்புத்தகம் அவனுக்குக் கைகொடுக்கும். கேட்டதிலும் விழிக்கிறான் என்றால் முதலில் அவனோடு கதை பேச வேண்டும், சொற்களைப் பழக்க வேண்டும். கெ, கொ, கௌ மூன்றும் இன்னும் குழம்புகிற பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி தனியாக வேண்டும், எந்த ஒலிப்புத்தகமும் அதைக் கற்றுத்தராது. அப்படியே கண்ணையும் காதையும் ஒரு தடவை சோதிக்கச் சொல்லிவிடுங்கள். கரும்பலகையே மங்கலாகத் தெரிகிற பிள்ளையை ‘படிப்பு வராது’ என்று ஓரங்கட்டியது எத்தனையோ பள்ளியில் நடந்திருக்கிறது.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் “வந்துக்கிட்டிருக்காங்க”, புத்தகத்தில் “வந்துகொண்டிருக்கிறார்கள்”. பெரியவர்கள் வாசித்துக் காட்டிக் கேட்ட பிள்ளைக்கு இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டே பழகாத பிள்ளை, எழுத்துக்கூட்டி அந்தச் சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் முதல் பாதியை மறந்துவிடுகிறான். வந்து சேர்ந்த சொல்லும் அவன் காதுக்குப் பழக்கமில்லாதது. ஒலிப்புத்தகம் தமிழ் வகுப்பில் செய்யக்கூடிய பெரிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன்: எழுத்துத் தமிழைக் காதுக்குப் பழக்குவது. இதை விட்டுவிட்டு, பேச்சுத் தமிழில் சொன்ன கதையைப் போட்டுவிட்டு வாசிப்புப் பயிற்சி என்று கணக்குக் காட்டுவதில் பயனில்லை. கதை கேட்ட சந்தோஷம் உண்டு. அது வேறு கணக்கு.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரிய தவறு: கையில் புத்தகம் இல்லாமல் கேட்கவைப்பது. புத்தகம் கையில் இருந்தும் கண் ஜன்னலில் இருப்பதும் இதே கணக்கில்தான் சேரும். ஹார்வர்டில் பணியாற்றிய கேரல் சாம்ஸ்கி 1976-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த விஷயத்தில் இன்றும் பேசப்படுகிறது. எழுத்து தெரியும், சரளம் மட்டும் வரவில்லை என்ற நிலையில் இருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு டேப்பில் பதிந்த கதைகளைக் கொடுத்தார். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும், தானே சரளமாக வாசிக்க வரும்வரை அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். முறை அவ்வளவுதான். கண்ணும் காதும் ஒரே சொல்லில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும், அது பலமுறை நடக்க வேண்டும். டேப் போய் போன் வந்துவிட்டது, இது மாறவில்லை.

வகுப்பில் எப்படி நடத்துவது? ஒரே பத்தியை நாலு சுற்று போகலாம். முதல் சுற்றில் சும்மா கேட்கட்டும், கதை பிடிபடட்டும். இரண்டாவதில் கண் வரியோடு போக வேண்டும். பதினான்கு வயதுப் பையனை விரல் வைத்து வாசி என்றால் கூச்சப்படுவான்; வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து நகர்த்தச் சொல்லுங்கள், மறுக்க மாட்டான். மூன்றாவதில் ஒலியோடு சேர்ந்து முணுமுணுப்பாக வாசிக்கட்டும். நாலாவதில் ஒலியை நிறுத்திவிட்டு அவனே வாசிக்க வேண்டும். பல வகுப்புகளில் இரண்டாவது சுற்றோடு மணி அடித்துவிடுகிறது. அதனால் பத்தியைச் சின்னதாக எடுத்துக்கொள்வது நல்லது. ஆறேழு வரி போதும். முழுக் கதையையும் ஒரே பீரியடில் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் நாலாவது சுற்று காணாமல் போகிறது, வாசிப்பு வளர்வதோ அங்கேதான்.

உதாரணத்துக்கு ஒரு வரி: “மழை விட்டதும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தான்.” திணறுகிற பையன் ‘அவி’ என்று தொடங்கி, ழகர ஒற்றைத் தாண்டிக் குதித்து, “மாட்டை அவித்துக்கொண்டு” என்று வாசிப்பான். வகுப்பே சிரிக்கும். அவன் முதலெழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். தப்பித்துப் பழகிய பிள்ளைகள் எல்லோரும் செய்வது இதுதான். அவன் கண் ‘அவிழ்த்து’ மேல் நிற்கும்போதே காதில் ‘அவிழ்த்து’ விழுந்தால் அந்த ழ் அவனுக்குத் தெரியத் தொடங்கும். அங்கே ஒலியை நிறுத்தி, “இந்த ஒரு சொல்லை மட்டும் நீ சொல்லு” என்று சொல்லவைத்துவிட்டு மேலே போகலாம். ஒரு பத்திக்கு இரண்டு மூன்று இடங்களில் இப்படி நிறுத்தினால் போதும். வரிக்கு வரி நிறுத்திக் கேள்வி கேட்டால் கதை செத்துவிடும், பிள்ளையும் கொட்டாவி விடுவான்.

நீளச் சொற்களுக்கும் இது உதவும். ‘வாசித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ போன்ற சொல்லைக் கண்டாலே மிரளுகிறவர்களிடம் பென்சிலைக் கொடுத்து, வாசிப்பவரின் குரல் எங்கே லேசாகத் தட்டி நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வாசித்துக் / கொண்டிருந்தவர்களிட / மிருந்து. இலக்கண முறைப்படி பிரிந்திருக்கிறதா என்று அப்போது பார்க்காதீர்கள்.

இதெல்லாம் நடக்க, ஒலியும் புத்தகமும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இணையத்தில் ‘தமிழ் ஒலிப்புத்தகம்’ என்று கிடைப்பவற்றில் பல, கதைசொல்லிகள் தங்கள் நடையில் திருப்பிச் சொன்னவை, சில, சுருக்கியவை. நடுவில் பின்னணி இசை வேறு. ஸ்கேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிற பிள்ளைக்கு மூன்றாவது வரியிலேயே தடம் தப்பிவிடும். தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். வகுப்புக்கு முன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் இரண்டு பக்கத்தையாவது நீங்களே கேட்டுவிடுங்கள்.

பொருந்துகிற ஒலி கிடைக்கவில்லையா, நீங்களே வாசித்துப் பதிவு செய்வது நல்லது. ஸ்டுடியோ குரல் தேவையில்லை. மின்விசிறியை அணைத்துவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, சொற்றொடர் சொற்றொடராக வாசித்தால் போதும். பக்கம் திருப்பும்போது “அடுத்த பக்கம்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தடம் தப்பியவர்கள் அங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். எந்திரக் குரலை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சொல்லை அநேகமாகச் சரியாகச் சொல்லிவிடும், ஆனால் எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே கோபம், எங்கே கிண்டல் என்பது அதில் கேட்காது. திணறுகிற பிள்ளைக்குத் தேவைப்படுவதே அதுதான்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம். பெரியவர்களுக்காகப் பதிவு செய்த ஒலி இந்தப் பிள்ளைகளுக்கு வேகம் அதிகம். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் இருக்கிறது, ஆனால் அங்கே குரல் செய்தியை வேகமாக்கலாமே தவிர மெதுவாக்க முடியாது. கோப்பாக இறக்கி வி.எல்.சி. போன்ற செயலியில் போட்டால் முக்கால் வேகத்தில் ஓடவிடலாம். அதற்கும் கீழே போனால் குரல் குழறும், சொல் பிய்ந்துபோகும்.

பிறகு, மனப்பாடம். நம் பிள்ளைகள் இதில் கில்லாடிகள். மூன்று தடவை கேட்டதும் பத்தி முழுவதும் வாயில் வந்துவிடும், கண் மட்டும் எங்கோ இருக்கும். ஆசிரியருக்கும் மகிழ்ச்சி, “சரளமாக வாசிக்கிறான்” என்று பதிவேட்டில் ஏறிவிடும். சோதிப்பது எளிது. பத்தியின் நடுவிலிருந்து ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். அல்லது அதே சொற்களை வைத்துப் புதிதாக ஒரு வரி எழுதுங்கள்: “ஏரிக்கரைப் பக்கம் நடந்த மாட்டை மழை விட்டதும் அவிழ்த்தான்.” பழைய வரியையே ஒப்பித்தால் அந்தப் பத்தியில் இன்னும் வேலை இருக்கிறது.

வளரிளம் பருவத்துக்கே உரிய சிக்கல், மானம். ஆறு பேருக்கு மட்டும் ஹெட்போன் மாட்டி ஓரத்தில் உட்காரவைத்தால், அவர்களுக்கு என்ன பெயர் விழும் என்று வகுப்பறை தெரிந்த யாருக்கும் தெரியும். ஹெட்போன் சுற்றை எல்லோருக்கும் பொதுவாக்குங்கள். நன்றாக வாசிக்கிறவர்கள் கடினமான கதையைக் கேட்கட்டும். அப்புறம் புத்தகத் தேர்வு. ஸ்டோரிவீவர் தளத்தில் ஒலியோடு சேர்ந்து ஓடும் கதைகள் இருக்கின்றன. புக்பாக்ஸ் தயாரிக்கும் அனிமேஷன் கதைகளில் பேசுகிற வரியே திரையில் எழுத்தாக வருகிறது. கண்ணையும் காதையும் சேர்ப்பதற்கு அருமையான ஏற்பாடுகள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சின்னப் பிள்ளைகளுக்கான கதைகள். மீசை அரும்புகிற பையன் முன்னால் முயல்குட்டிக் கதையைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ்நாட்டு வாசிப்பு இயக்கப் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலைப்படுத்தியிருப்பதில் ஒரு நல்ல விஷயம், எந்த வகுப்புக்கு என்ற முத்திரை அதில் இல்லை.

எளிய புத்தகத்தைப் பெரிய பிள்ளை மானம் போகாமல் வாசிக்க இன்னொரு வழி உண்டு. அவனையே ஒலிப்புத்தகம் பதிவு செய்ய வையுங்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்புக்குக் கதை வேண்டும், உன் குரலில் வேண்டும் என்று கேளுங்கள். முயல்குட்டிக் கதையை இப்போது வேண்டாம் என்று சொல்ல மாட்டான். தப்பில்லாமல் பதிவாகும்வரை அவனே பத்து தடவை வாசிப்பான், நீங்கள் சொல்லவே வேண்டாம். போட்டுக் கேட்டு, “சார், இங்க திக்குது, இன்னொரு தடவை” என்று அவனே வந்து நிற்பான். திரும்பத் திரும்ப வாசிப்பதைத் தண்டனையாக்காமல் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும் அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று கவனம்: இந்தப் பதிவுகள் பள்ளிக்குள் இருக்கட்டும். காப்புரிமை உள்ள புத்தகத்தை முழுசாக வாசித்து யூடியூபில் ஏற்றினால் வம்பு. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் என்றால் அந்தக் கவலை இல்லை.

கருவிகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நாற்பது பேருக்கு நடுவில் ஒரே ஸ்பீக்கர் என்றால் பின் பெஞ்சுக்கு இரைச்சல்தான் போய்ச் சேரும். ஒரே போனில் நாலைந்து ஹெட்போன் செருகுகிற பிரிப்பான் மலிவாகக் கிடைக்கிறது. ஆசிரியரின் போன் என்றால் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கதையின் உச்சத்தில் ‘வங்கிக் கடன் வேண்டுமா’ என்று யாராவது அழைப்பார்கள்.

“கேட்டுப் படிப்பது ஏமாற்று வேலை, தேர்வில் யார் வாசித்துக் காட்டுவார்கள்?” என்று சக ஆசிரியர்களே கேட்பார்கள். வாசிப்புப் பயிற்சி நடக்கும் நேரத்தில் இந்தக் கேள்விக்கு நாலாவது சுற்றுதான் பதில். வரலாறு, அறிவியல் பாடங்களில் கதை வேறு. அங்கே பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியது பாடத்தை. வாசிப்பு கைகூடும்வரை பாடமும் காத்திருக்க வேண்டும் என்றால் பத்தாம் வகுப்புக்குள் இரண்டும் போய்விடும். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒலி பல நேரம் நிரந்தரத் துணை, அதைப் பிடுங்கக் கூடாது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கின்றன. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு முறையான சான்று வேண்டும். சந்தேகம் வந்தால் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் எட்டாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்துப் பேசிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒலியை எப்போது குறைப்பது? புதுப் பத்தி ஒன்றைக் கேட்காமலே எடுத்து, தப்பு வந்தால் தானே நின்று திருத்தி வாசிக்கத் தொடங்கும்போது. அதன்பின் கதையின் முதல் பக்கத்துக்கு மட்டும் ஒலி, பாத்திரங்களின் பெயரும் நடையும் காதில் விழும் அளவுக்கு. மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.