தீஷக் என்னும் பட்டத்தை வகுப்பில் விளக்கும் முறை

குன்னூரிலோ கோத்தகிரியிலோ போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களிடம் அயர்லாந்தின் ஆட்சித் தலைவரான தீஷக்கைப் பற்றிப் பேச நேர்ந்தால், அரசமைப்புச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பயந்து அவர்கள் போட்டுக்கொண்டு வந்து, வாசலில் சொட்டச் சொட்ட மாட்டியிருக்கும் மழைக்கோட்டிலிருந்து தொடங்குங்கள்.

நாப்தா என்னும் கரைப்பானில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து ஒட்டி, நீர் புகாத துணி செய்ய 1823இல் காப்புரிமை பெற்றவர் கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் மாக்கின்டோஷ். ஆங்கிலத்தில் அவர் பெயரே மழைக்கோட்டுக்கும் பெயராகிவிட்டது. அந்தக் குடும்பப் பெயரை ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பிரித்தால் 'மாக் அன் தோஷிக்', அதாவது 'தலைவனின் மகன்' என்று வரும். 1984இல் வெளிவந்த மாக்கின்டோஷ் கணினிக்கு ஓர் ஆப்பிள் பழ வகையின் பெயரை வைத்தார்கள். அந்தப் பழமும் இதே குடும்பப் பெயரைக் கொண்ட கனடா விவசாயி ஒருவரால் பெயர் பெற்றதுதான். இதைச் சொன்ன பிறகு எந்த மாணவருக்கும் 'தோஷிக்' என்ற சொல் மறக்காது.

அடுத்து, 'தலைவன்' என்று பொருள்படும் அதே சொல் அயர்லாந்தில் 'தீஷக்' என வழங்குவதைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஆங்கில வழக்கைப் பின்பற்றி 'டீ' என்று எழுத வேண்டியதில்லை; ஐரிஷ் மொழியில் அந்த முதல் ஒலி நாக்கு பல்லைத் தொட்டுப் பிறப்பதால் நம் தகரமே அதற்கு நெருக்கமானது. இறுதி ஒலியை 'அகம்' என்பதில் உரசி வரும் ககரம் போலச் சொல்லச் செய்யுங்கள்.

பொருள் விளக்கும்போதுதான் கவனம் தேவை. பழைய ஐரிஷில் இச்சொல்லுக்குத் 'தலைவன்' என்பதோடு 'முதலாவது' என்ற பொருளும் உண்டு என்பதால், 'முதல்வர்' என்று மொழிபெயர்க்கக் கை துறுதுறுக்கும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நம் ஊரில் முதல்வர் என்றால் மாநில அரசின் தலைவர். தீஷக்கோ ஒரு நாட்டு அரசின் தலைவர். ஆகவே 'பிரதமர்' என்று எழுதி, பட்டத்தையும் உடன் குறிப்பதே முறை. நாடாளுமன்றக் கீழவையான டால் பெயரை முன்மொழிய, குடியரசுத் தலைவர் அவரை நியமிக்கிறார் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 1937 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புதான் இந்தப் பழம்பட்டத்தை அப்பதவிக்குச் சூட்டியது. முதலில் அதை ஏற்றவர் எய்மன் டி வலேரா. 2017இல் அப்பதவிக்கு வந்த லியோ வரத்கரின் தந்தை மும்பையில் பிறந்த மருத்துவர் என்று சொன்னால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

துணைப் பிரதமருக்குரிய 'தானிஷ்ட' என்ற பட்டத்தை இறுதியில் வையுங்கள். பழைய கேலிக் குலங்களில், தலைவன் உயிரோடிருக்கும்போதே உறவினருள் தகுதியானவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரிசுக்கு அப்பெயர். மூத்த மகனாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்றைய தானிஷ்ட அப்படிப்பட்ட வாரிசு அல்லர் என்பதால், தீஷக் விலகினால் பதவி அவருக்குத் தானாகச் சேராது. டால் மீண்டும் ஒருவரை முன்மொழிய வேண்டும்.