பூட்டிய வார்டில் பாடம் நடத்தப் போகிறீர்களா?

பீட்டர்மரிட்ஸ்பர்க் ஃபோர்ட் நேப்பியர் மாதிரி காவலுள்ள மனநல மருத்துவமனையில், மீண்டு வருவதற்கான வகுப்பு எடுக்கக் கிளம்பும் நம் டர்பன் தன்னார்வலர்களுக்கு இது. பாடத்தை நீங்களே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள், முடிந்தால் தேறி வெளியே வந்த ஒருவரையும் சேர்த்துக்கொண்டு நடத்துங்கள். அவர் சொன்னால் எடுபடுகிற அளவுக்கு நாம் சொன்னால் எடுபடாது. மருந்தின் அசதி பலருக்கு இருக்கும், அரை மணி நேரம் போதும். பென்சில்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

முதலில், நோய் திரும்புவதைக் காட்டும் எச்சரிக்கை அறிகுறிகளை எடுங்கள். அவரவர் கைப்பட ஒரு தாளில் எழுதட்டும்: “தூக்கம் குறையும், அக்கா போன் பண்ணினால் பேசப் பிடிக்காது, டிவியில் என்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றும்.” பக்கத்திலேயே, அப்போது யாரிடம் சொல்வது என்பதும். எழுத வராதவர் படம் வரையலாம். ஜூலு, ஆங்கிலம், தமிழ், எதில் வந்தாலும் சரி.

அப்புறம் சட்டம். இதைப் பலர் விட்டுவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ‘அரசு நோயாளி’, அதாவது குற்ற வழக்கில் மனநோய் காரணமாக நீதிமன்றம் மருத்துவமனைக்கு அனுப்பியவர், தன்னை விடுவிக்கக் கோரி நீதிபதியிடம் தானே விண்ணப்பிக்கலாம், குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம். அதில் என்னென்ன எழுத வேண்டும் என்பதை வார்டின் சமூகப் பணியாளரை வரவழைத்து, நோயாளிகள் கேள்வி கேட்கும்படி விளக்கச் சொல்லுங்கள்.