கான்செப்ட் ஓவியத்தைப் பார்த்துப் பழகி, ஏற்காட்டில் ஒன்றை வரைவது எப்படி?

ஒரு படத்தின் உலகம் எப்படி இருக்கும் என்று படமாக்கும் முன்பே வரைந்து பார்ப்பதுதான் கான்செப்ட் ஓவியம். 1977இல் ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படம் திரைக்கு வருவதற்கு முன்பே அந்த உலகம் ஓவியர் ரால்ஃப் மெக்குவாரியின் தாள்களில் இருந்தது. அவர் விமானங்கள் தயாரிக்கும் போயிங் நிறுவனத்தில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்தவர். அவருடைய விண்கலங்கள் உண்மையிலேயே பறக்கும் என்று நம்பத் தோன்றுவது அந்தப் பயிற்சியால்தான் என்பது என் எண்ணம். படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் இந்த ஓவியங்களைக் காட்டித்தான் படத் தயாரிப்பு நிறுவனத்தை நம்பவைத்தார். இவற்றை ரசிக்கச் சிறந்த வழி, கையில் பென்சிலோடு பார்ப்பது.

முதல் படி: ஒரே ஓவியம்

பாலைவனத்தில் இரண்டு ரோபோக்கள் நிற்கும் மெக்குவாரியின் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரை போதாது. ஏ4 தாளில் வண்ண அச்சு எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கண்ணைச் சுருக்குங்கள்

விவரங்கள் மறைந்து, இருட்டு, நடுநிறம், வெளிச்சம் என்ற மூன்று திட்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றைத் தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் பென்சிலால் நிரப்புங்கள். உருவங்கள் அப்போதும் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: காரணம் கேளுங்கள்

இங்கே அவசரம் வேண்டாம். படத்தின் வில்லன் டார்த் வேடரின் முகமூடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பக் கதையில் அவன் ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு விண்வெளி வழியே வருகிறான். காற்றில்லாத இடத்தில் எப்படி மூச்சுவிடுவான் என்று மெக்குவாரி யோசித்தார். சுவாசக் கருவியுடன் ஒரு முகமூடியை வரைந்தார். திரையில் அந்த மூச்சொலியே அவனுடைய அடையாளமாகிவிட்டது. நல்ல கான்செப்ட் ஓவியத்தில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வேலை இருக்கும். பத்து விவரங்களைத் தேர்ந்து, பக்கத்தில் “இது எதற்கு?” என்று எழுதிப் பாருங்கள்.

நான்காம் படி: லேடீஸ் சீட்

ஏற்காட்டில் மலை விளிம்பிலிருந்து சமவெளியைப் பார்க்கும் இடம் இது. காலையில் போங்கள். அருகிலுள்ள சரிவும் சில்வர் ஓக் மரங்களும் அடர்ந்த நிறத்தில் இருக்கும். அடுத்தடுத்த மடிப்புகள் நீலம் கலந்து வெளுக்கும். கீழே சேலம் சமவெளி வானத்தோடு கரையும். மெக்குவாரி தூரத்தைக் காட்டியதும் இப்படித்தான், காற்றையே வரைந்து. எல்லைக்கோடுகள் வேண்டாம், நிறப்பட்டைகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வண்ணம்

மெக்குவாரி குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்), அக்ரிலிக் இரண்டையும் பயன்படுத்தினார். தொடக்கத்தில் நமக்குப் போஸ்டர் கலர் போதும். அதுவும் குவாஷைப்போல அடியிலுள்ளதை மறைக்கும், இருட்டின் மேல் வெளிச்சத்தை வைக்கலாம். காய்ந்ததும் நிறம் சற்று மாறும் என்பதால், ஓரத்தாளில் தீற்றிப் பார்த்துவிட்டு இடுங்கள். வானத்தில் தொடங்கி, தூரத்து மலை, பிறகு அருகுச் சரிவு.

இனி உங்கள் கற்பனைக்கு ஒரே ஒரு பொருள். சேலத்தில் மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல் வெட்டிய மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெண்பரப்பில் நடந்துவரும் ஒரு சுரங்க இயந்திரத்தை வரையலாம். அதன் கால்கள் எத்தனை, சரிவில் எப்படி நிற்கும், ஓட்டுபவர் எங்கிருந்து ஏறுவார் என்று முடிவுசெய்த பிறகே தூரிகையைத் தொடுங்கள்.

கடைசியாக, அதன் காலடியில் அரிசி அளவில் ஒரு மனிதரை வையுங்கள். அவரை விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்த பின்னும் இயந்திரம் அதே அளவாகத் தோன்றினால், மனிதர் இன்னும் சிறியவராக வேண்டும். அழித்து மீண்டும் வரையுங்கள்.