‘ஐ7’ என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்: லேப்டாப் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியும் பல்கலைக்கழகமும் திறக்கும் ஜனவரி, பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல வீடுகளில் லேப்டாப் பேச்சுதான். முதல் தடவை வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். நிறம், எடை, திரையின் அளவு எல்லாம் கடையிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாதவற்றை மட்டும் பார்ப்போம்.

ஸ்டிக்கரை மட்டும் பார்த்து வாங்குவது

இதைப் பார்க்கும்போது இன்றும் கோபம் வருகிறது. பிள்ளை வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் முதலாண்டு சேரப்போகிறது. அப்பா பழைய லேப்டாப்களைப் புதுப்பித்து விற்கும் கடைக்குப் போகிறார். ஒரு மேசையில் 6ஆம் தலைமுறை ஐ7 சிப் (கணினியின் மூளையாக இருக்கும் இன்டெல் பிராசசர்) உள்ள லேப்டாப், பக்கத்திலேயே 8ஆம் தலைமுறை ஐ5. விலை ஏறக்குறைய ஒன்றுதான். ‘ஐ7தானே பெரிசு’ என்று அதையே தூக்கிக்கொண்டு வருகிறார். கடைக்காரர் வாயைத் திறப்பதில்லை.

ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் இருக்கும் வரிசை. வெவ்வேறு தலைமுறைகளை அதை வைத்து ஒப்பிடக் கூடாது. பார்க்க வேண்டியது கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணை. ஐ7-6500யூ என்றால் 6ஆம் தலைமுறை, 2015இல் வந்தது, உள்ளே 2 கோர்கள் (கணக்கிடும் மையங்கள்)தான். ஐ5-8250யூ 8ஆம் தலைமுறை, 4 கோர்கள். 2022இல் வந்த ஐ3-1215யூவில் 6 கோர்கள். அந்தப் பழைய ஐ7ஐ இந்த ஐ3 எளிதில் முந்திவிடும்.

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் சிப்கள், ஓரிரு விதிவிலக்கு தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தையதிலும் விண்டோஸின் தகுதிச் சோதனையைச் சுற்றிவளைத்து விண்டோஸ் 11 போட்டு விற்கிறார்கள். கடையில் நன்றாகத்தான் ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் நிச்சயமில்லை என்றால் அதை எதற்கு வாங்க வேண்டும்?

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் சிப்களிலும் இதே பொறி இருக்கிறது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் ஒரே வரிசைபோல் தோன்றும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 2 என்றால் ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, 3 என்றால் அதற்கு அடுத்த ஜென் 3. முதலாவதில் 4 கோர்கள், இரண்டாவதில் 6.

பணம் கொடுக்கும் முன் லேப்டாப்பை ஓடவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிப்பின் முழுப் பெயர் இருக்கும். ஸ்டிக்கரை யாரும் மாற்றி ஒட்டலாம், இந்தப் பெயரைத்தான் நம்பலாம்.

ராமை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று விடுவது

பல மெல்லிய லேப்டாப்களில் ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட வழியே இல்லை. மேலே சொன்ன 7520யூ சிப் உள்ள லேப்டாப்கள் அந்த வகைதான். டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் ராம் செருகும் ஸ்லாட் எத்தனை, ராம் எந்த வடிவம் என்று பாருங்கள். ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்றிருந்தால் கழற்றி மாற்றலாம். மாற்ற முடியாதது என்றால் முதலிலேயே 16 ஜிபியாக வாங்குங்கள்.

4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி (மலிவான, மெதுவான சேமிப்பகம்)

வேண்டாம்.

படிப்புக்குக் கேமிங் லேப்டாப்

கட்டடக்கலை, முப்பரிமாண வரைபடம், வீடியோ எடிட்டிங் இல்லையென்றால் தேவையில்லை.

மின்வெட்டை மறப்பது

2024க்குப் பிறகு லோட் ஷெடிங் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று கரண்ட் போகத்தான் செய்கிறது. பெட்டியில் ‘10 மணி நேரம்’ என்று போட்டிருப்பதை நம்பாமல் பேட்டரி எத்தனை வாட்-அவர் (எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்ற அளவு) என்று கேளுங்கள். எழுத, படிக்க, இணையம் பார்க்கச் சுமார் 8 முதல் 10 வாட் செலவாகும். 41 வாட்-அவர் பேட்டரி புதிதாக இருந்தால் 4 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பழைய லேப்டாப் என்றால் விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். அதில் முதலில் இருந்த கொள்ளளவும் இன்றைக்கு ஏறும் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

யூஎஸ்பி-சி துளை இருந்தாலே சார்ஜ் ஏறிவிடாது, சிலவற்றில் அது டேட்டாவுக்கு மட்டும். பவர் பேங்கிலிருந்து ஏற்ற நினைக்கிறவர்கள் கடையிலேயே யூஎஸ்பி-சி சார்ஜரைச் செருகிப் பார்த்துவிட வேண்டும்.

இந்தியாவிலிருந்து வாங்கிவரச் சொல்வது

மின்சாரத்தால் தொல்லை இல்லை, இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அங்கத்திய சிறிய மூன்று முள் பிளக் இங்குள்ள பெரிய சாக்கெட்டில் நிற்காது. அடாப்டரை மாற்ற வேண்டாம், சுவரிலிருந்து அடாப்டருக்குப் போகும் வயரை மட்டும் இங்கே வாங்கிப் போட்டால் போதும். உண்மையான கேள்வி வாரண்டிதான். அது தென்னாப்பிரிக்காவிலும் செல்லும் என்று எழுத்தில் இல்லையென்றால் மதர்போர்டு போன அன்றைக்கே மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

ரசீது வாங்காமல் வருவது

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திரும்பத் தருவதா என்று நீங்களே சொல்லலாம். புதுப்பித்த லேப்டாப்பை விற்கும் கடைக்கும் இது பொருந்தும். குறிப்பிட்ட குறையை முன்கூட்டியே சொல்லி, நீங்கள் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் அந்தக் குறைக்கு மட்டும் செல்லாது. எனவே ரசீதில் மாடல், சீரியல் எண், சிப்பின் முழுப் பெயர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். வியாபாரி அல்லாத தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.