மில்க் ஆஃப் மெக்னீசியா: முதலில் குலுக்குங்க

மில்க் ஆஃப் மெக்னீசியா, நெஞ்செரிச்சலுக்கும் மலச்சிக்கலுக்கும் குடிக்கும் திரவ மருந்து. முதல் தடவை நான் செய்த தப்பு, பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றியது. மேலே வெறும் தண்ணி, அடியில் சுண்ணாம்பு மாதிரி கெட்டி. இதில் உள்ள மருந்துப் பொருளான மெக்னீசியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் கிட்டத்தட்ட கரையாது, அசையாமல் வைத்தால் அடியில் படிந்துவிடும். அதனால் நன்றாகக் குலுக்கி, அளவு மூடியில் ஊற்றுங்க. வீட்டுக் கரண்டி வேண்டாம், ஒன்றுக்கு ஒன்று அளவு மாறும்.

நெஞ்செரிச்சலுக்கு என்றால் பெரியவர்களுக்கு 5 முதல் 15 மில்லி போதும். வயிற்று அமிலத்தோடு சேர்ந்து மெக்னீசியம் குளோரைடும் தண்ணீருமாக மாறிவிடும். சோடா உப்பு மாதிரி வாயு வராது, ஏப்பமும் குறைவு.

மலச்சிக்கலுக்கு 30 முதல் 60 மில்லி, கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாக. தண்ணீரை விட்டுவிடாதீங்க, குடலுக்குள் நீரை இழுத்துத்தான் இது வேலையே செய்கிறது. அரை மணி முதல் 6 மணி நேரத்தில் பலன் தெரியும். வெளியே கிளம்பும் முன் குடித்துவிட்டு நான் பட்ட பாடு இருக்கே, அதை எழுத வேண்டாம்.

(பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும். லேபிளில் உள்ள அளவுதான் கணக்கு.)

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, ரத்தத்தில் மெக்னீசியம் ஏறிவிடும். கடும் வயிற்றுவலி, வாந்தி இருந்தாலும் வேண்டாம். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு சேர்த்துக் குடித்தால் அந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. எத்தனை மணி இடைவெளி என்று மருந்தாளரிடம் கேளுங்க. மலச்சிக்கலுக்காக ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து குடிக்க வேண்டியிருந்தால், நேராக டாக்டரிடம் போங்க.