கிளைமேட் மாடல்ல ஏரோசால மேகத்தோட எப்படி கோக்கறது

இந்த வேலைக்கு வர்ற பாதி பேரு ஏரோசால்ல (காத்துல மிதக்கற நுண்துகள்) சல்பேட் எவ்ளோ, கடல் உப்பு எவ்ளோ, புகைக்கரி எவ்ளோன்னு அதுலயே மாசக்கணக்கா கிடக்கறாங்க. அது வேணாம்னு சொல்லல, ஆனா மேகத்துல என்ன நடக்கும்னு முடிவு பண்றது பெரும்பாலும் வேற ரெண்டு மூணு இடம்.

மொதல்ல உங்க மைக்ரோபிசிக்ஸ் ஸ்கீம் (மேகத்துளி, மழை உருவாகறத கணக்கு போடற பகுதி) துளியோட எண்ணிக்கைய தனியா கணக்கு வைக்குதான்னு பாருங்க. தண்ணியோட எடைய மட்டும் வச்சிருந்தா ஏரோசால் எவ்ளோ கொட்டினாலும் மேகத்துக்கு தெரியவே தெரியாது.

அடுத்தது ஆக்டிவேஷன், அதாவது எத்தனை துகள் துளியா மாறும்ங்கறது. அப்துல் ரசாக், கான் ரெண்டு பேரும் 2000ல குடுத்த ஃபார்முலாவ நிறைய மாடல் யூஸ் பண்ணுது. துகளோட எண்ணிக்கை, சைஸ், தண்ணி இழுக்கற குணம் (கப்பான்னு ஒரே நம்பர், அம்மோனியம் சல்பேட்டுக்கு 0.6 பக்கம், ஆர்கானிக்குக்கு 0.1 பக்கம்), காத்து மேல ஏர்ற வேகம், முக்கியமா இதெல்லாம் குடுக்கணும். கப்பாவ விட சைஸ்தான் முக்கியம், சைஸ சரியா வைங்க.

மாட்டிக்கறது அந்த வேகத்துலதான். கிரிட் பாக்ஸ் (மாடல் பூமிய பிரிச்சு வைக்கற ஒரு கட்டம்) 100 கிலோமீட்டர் இருக்கும், அதோட சராசரி வேகம் நொடிக்கு சில சென்டிமீட்டர்தான் வரும், நெஜ மேகத்துக்குள்ள காத்து அதவிட பத்து மடங்கு வேகமா கூட ஏறும், அதனால சராசரிய அப்படியே போடாதீங்க, டர்புலன்ஸ் ஸ்கீம்லேந்து (காத்தோட கொந்தளிப்ப கணக்கு போடற பகுதி) வேகத்தோட பரவல எடுத்து அதுக்கு மேல ஆக்டிவேஷன ஓட்டுங்க.

துளி எண்ணிக்கை ரேடியேஷனுக்கும் போகணும், மழைக்கும் போகணும். அதே தண்ணில துளி ரெட்டிப்பானா மொத்த பரப்பு 26% கூடும், மேகம் வெளுக்கும், இதுதான் ட்வோமி எஃபெக்ட். மழை பக்கம்தான் ஆபத்து: கைருத்தினோவ், கோகன் குடுத்த ஆட்டோகன்வர்ஷன் ஃபார்முலால (மேகத்துளி ஒண்ணு சேர்ந்து மழைத்துளி ஆகற வேகம்) துளி எண்ணிக்கையோட பவர் மைனஸ் 1.79, ரெட்டிப்பாக்கினா மழை உருவாகற வேகம் மூணுல ஒரு பங்குக்கும் கீழ போயிடும், மாடல் மேகத்துல தண்ணி சேர்ந்துகிட்டே போகும். ஆனா 2014ல ஐஸ்லாந்து ஹோலுஹ்ரௌன் எரிமலை அவ்ளோ சல்ஃபர் கக்கினப்ப சாட்டிலைட்ல துளி சின்னதானது நல்லா தெரிஞ்சுது, மேகத்தண்ணி பெருசா மாறல. சின்ன துளி சீக்கிரம் ஆவியாயிடுது, பக்கத்து வறண்ட காத்தும் உள்ள புகுந்து காய வைக்குது, நிறைய மாடல்ல இது ஒழுங்கா வர்றதில்ல.

டெஸ்ட் பண்ண, கடல் வெப்பநிலைய மாத்தாம 1850 எமிஷனோட ஒரு ரன், இன்னைக்கு எமிஷனோட ஒரு ரன், ரெண்டுலயும் காத்த நட்ஜ் பண்ணிடுங்க (ஒரே காத்து நிலவரத்த ஒட்டியே போக வைங்க), இல்லன்னா இரைச்சல்ல சிக்னல் முங்கிடும். ரெண்டுக்கும் உள்ள ரேடியேஷன் வித்தியாசம்தான் நீங்க பாக்க வேண்டிய நம்பர். ஐபிசிசியோட (ஐ.நா. காலநிலை அறிவியல் குழு) ஆறாவது அறிக்கை ஏரோசால் மேகம் வழியா தர்ற தாக்கத்துக்கு (மைனஸ்னா குளிர்விக்குதுன்னு அர்த்தம்) சதுர மீட்டருக்கு மைனஸ் 1.0 வாட்னு சொல்லுது, மைனஸ் 1.7லேந்து மைனஸ் 0.3 வரைக்கும் இருக்கலாம். அந்த நம்பருக்காக ட்யூன் பண்ணாதீங்க. மைனஸ் 2ஐ தாண்டினா ஆட்டோகன்வர்ஷன பாருங்க, பூஜ்யத்துக்கிட்ட நின்னா யாரோ கோட்ல துளி எண்ணிக்கைக்கு மினிமம் லிமிட் வச்சிருப்பாங்க, அது 1850ஓட சுத்தமான கடல் காத்துல துளிய செயற்கையா கூட்டி வித்தியாசத்தையே முழுங்கிடும், அத தேடி எடுங்க.